வண்டி ஒரு பக்கம் இழுத்தால் எதை முதலில் பார்க்க வேண்டும்?

கடை வாடகை, மின்கட்டணம், ஆள் சம்பளம், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என்று எல்லாச் செலவையும் நாம் பேரேட்டில் தனித்தனியாக ஏற்றி வைக்கிறோம். வண்டிக்கு மட்டும் "டீசல்", "ரிப்பேர்" என்று இரண்டே வரியோடு நிறுத்திக்கொள்கிறோம். அந்த "ரிப்பேர்" என்ற ஒரு வரிக்குள் எவ்வளவு பணம் வீணாகிறது என்று பெரும்பாலோர் பார்ப்பதில்லை. அதில் அடிக்கடி வரும் ஒரு கோளாறு, வண்டி நேராக ஓடாமல் ஒரு பக்கமாக இழுப்பது.

மண்டியில் சரக்கு ஏற்றி வரும் குட்டியானை ஆனாலும், கடைக்குக் கடை லைன் போடும் பழைய ஆம்னி வேன் ஆனாலும், நம் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் கார் ஆனாலும் இந்தக் கோளாறு வரும். மாருதி ஆம்னி உற்பத்தி 2019-லேயே நின்றுவிட்டது. இருந்தாலும் நம் வணிகர்களில் பலர் அந்த வண்டியை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். பழைய வண்டிக்கு இந்தக் கோளாறு கூடுதலாகவே வரும்.

டிரைவர் தம்பி வந்து, "அண்ணாச்சி, வண்டி லெஃப்டு பக்கம் இழுக்குது" என்று சொல்வார். "சரி, அலைன்மெண்ட் பார்த்துட்டு வா" என்று பணத்தைக் கொடுத்து அனுப்புவதுதான் வழக்கம். அலைன்மெண்ட் பார்த்து வந்த பிறகும் வண்டி இழுக்கும். மறுபடியும் பார்ப்போம். பிறகு டயர் மாற்றுவோம். கடைசியில் வண்டியையே விற்றுவிடலாமா என்று யோசிப்போம். இதற்கு நடுவில் டிரைவர் ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாகவே பிடித்துப் பிடித்துத் தோள் வலியோடு ஓட்டிக்கொண்டிருப்பார்.

வண்டி இழுப்பதற்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றை ஒரு வரிசைப்படி, செலவில்லாததை முதலிலும் செலவுள்ளதைக் கடைசியிலும் வைத்துப் பார்த்தால், பாதிக்கு மேற்பட்ட காரணங்களை நம் கடை வாசலிலேயே கண்டுகொள்ளலாம். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

எப்போது இழுக்கிறது?

கோளாறைத் தேடுவதற்கு முன் டிரைவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "எந்தப் பக்கம் இழுக்கிறது?" என்பதோடு நில்லாமல், "எப்போது இழுக்கிறது?" என்று கேட்க வேண்டும். பதில் நான்கு விதமாக வரலாம்.

1. சும்மா ஓடும்போதே எப்போதும் இழுக்கிறது. இப்படி என்றால் காற்று, டயர், அலைன்மெண்ட், இல்லாவிட்டால் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்.

2. பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுக்கிறது. இப்படி என்றால் முதலில் பார்க்க வேண்டியது பிரேக். அலைன்மெண்டுக்குப் போய்ப் பயனில்லை.

3. லோடு ஏற்றினால் மட்டும் இழுக்கிறது. சரக்கை அடுக்கிய விதம், பட்டை ஸ்பிரிங், பின் டயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

4. ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது ஒரு பக்கமும், காலை எடுத்தால் மறுபக்கமும் போகிறது. ஆக்ஸில் அல்லது சஸ்பென்ஷனில் ஏதோ ஒரு ரப்பர் புஷ்ஷோ போல்ட்டோ தளர்ந்து, சக்கரம் முன்னும் பின்னும் நகர்கிறது என்று பொருள்.

இந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தாலே மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம்.

சாலையின் சாய்வு

மழைத் தண்ணீர் வடிவதற்காகச் சாலையை நடுவில் சற்று உயர்த்தி, இரு ஓரத்துக்கும் சரித்துப் போடுவார்கள். தார்ச் சாலையில் இந்தச் சரிவு நூற்றுக்கு இரண்டு, இரண்டரை அளவில் இருக்கும். நம் நாட்டில் இடது பக்கம் ஓட்டுவதால், ஸ்டீயரிங்கை விட்டால் வண்டி மெல்ல இடது ஓரமாக ஒதுங்குவது இயற்கை. அது கோளாறு ஆகாது.

ஆகவே சோதனையைச் சமதளத்தில் செய்ய வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத பெரிய மைதானமோ, சமமான சிமெண்ட் தளமோ இருந்தால் நல்லது. வண்டியைக் காலியாக வைத்துக்கொண்டு, மிதமான வேகத்தில், கையை ஸ்டீயரிங்கில் லேசாக வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். கையை முழுக்க எடுத்துவிடக் கூடாது. அதே இடத்தில் எதிர்த்திசையிலும் ஒருமுறை ஓட்ட வேண்டும். இரண்டு திசையிலும் ஒரே கை பக்கம் இழுத்தால் வண்டியில் கோளாறு. போகும்போது இடதும் வரும்போது வலதும் என்றால் தரையின் சரிவு.

சரக்கு அடுக்கும் விதம்

இது நம் தொழிலுக்கே உரிய காரணம். கார் புத்தகங்களில் இதை அதிகம் எழுத மாட்டார்கள்.

ஐம்பது கிலோ சர்க்கரை மூட்டை பத்து ஏற்றுகிறோம். எடை ஐந்நூறு கிலோ. அதை இடது பக்கம் அடுக்கிவிட்டு, வலது பக்கம் அப்பளக் கட்டு, சேமியாப் பெட்டி, பிஸ்கட் அட்டைப்பெட்டி என்று நிரப்பினால், பார்வைக்கு வண்டி இரு பக்கமும் நிறைந்திருக்கும். எடையில் இடது பக்கம் ஐந்நூறு கிலோ, வலது பக்கம் ஐம்பது கிலோ கூட இருக்காது. இடது பட்டை இறங்கும், இடது டயர் அமுங்கும், வண்டி இடது பக்கம் இழுக்கும். எண்ணெய் டின்களை ஒரே ஓரமாக அடுக்கினாலும் இதே கதைதான்.

லைன் வண்டியில் இன்னொரு சங்கடம் உண்டு. புறப்படும்போது எடை சமமாக இருக்கும். நான்கு கடையில் இறக்கிய பிறகு ஒரு பக்கம் காலியாகி, மறுபக்கம் அப்படியே நிற்கும். இறக்கும் வரிசையை மனதில் வைத்து, கனமான சரக்கைத் தளத்தின் நடுவிலும் கீழேயும், லேசானதை ஓரத்திலும் மேலேயும் அடுக்கினால் இந்தத் தொல்லை வராது. ஏற்றும் ஆளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு.

காற்று

வண்டி எப்போதும், காலியாக இருக்கும்போதும் இழுக்கிறது என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது காற்று. முன் டயர் இரண்டில் எதில் காற்றுக் குறைவோ, அந்தப் பக்கம் வண்டி இழுக்கும். காற்றுக் குறைந்த டயர் சற்று உட்கார்ந்துவிடுவதால் உருள்வதற்குச் சிரமப்படுகிறது. அந்தப் பக்கம் பின்தங்குவதால் வண்டி அப்படித் திரும்புகிறது.

காற்றை டயர் சூடேறாத நேரத்தில், அதாவது காலையில் வண்டி எடுத்தவுடன் பார்க்க வேண்டும். இருபது கிலோமீட்டர் ஓடிய பிறகு பார்த்தால் சூட்டினால் நான்கைந்து பவுண்டு கூடுதலாகக் காட்டும். "சரியாக இருக்கிறது" என்று ஏமாந்துவிடுவோம். எவ்வளவு காற்று வைக்க வேண்டும் என்பது வண்டியோடு வந்த புத்தகத்திலும், பல வண்டிகளில் கதவு ஓரத்தில் ஒட்டிய தாளிலும் இருக்கும். முன்னுக்கு ஒரு அளவு, பின்னுக்கு ஒரு அளவு, காலி வண்டிக்கு ஒன்று, லோடு வண்டிக்கு ஒன்று என்று இருக்கும். பக்கத்து வண்டிக்கு வைத்த அளவை நம் வண்டிக்கும் வைப்பது சரியல்ல.

காற்று அளக்கும் கேஜ் ஒன்று சொந்தமாக வாங்கி வைத்துக்கொண்டால் நல்லது. பஞ்சர் கடைக் கேஜ் ஒன்று காட்டும், பெட்ரோல் பங்க் கேஜ் ஒன்று காட்டும். ஒரே கேஜில் நான்கு டயரையும் பார்ப்பதுதான் முறை. காற்றைச் சரிசெய்த இரண்டே நாளில் அதே டயரில் மறுபடியும் குறைந்தால், பஞ்சரோ வால்வுக் கசிவோ இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

டயரை மாற்றிப் போட்டுப் பார்ப்பது

காற்றுச் சரியாக இருந்தும் இழுத்தால், பைசா செலவில்லாத ஒரு நல்ல சோதனை உண்டு. முன் இடது சக்கரத்தையும் முன் வலது சக்கரத்தையும் கழற்றி, இடம் மாற்றிப் போட வேண்டும். பிறகு அதே இடத்தில், அதே வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

முன்பு இடது பக்கம் இழுத்த வண்டி இப்போது வலது பக்கம் இழுத்தால், கோளாறு டயரில்தான். சந்தேகமே வேண்டாம். இழுப்பது அடியோடு நின்றுவிட்டால் அப்படியே விட்டுவிடலாம். பழையபடி இடது பக்கமே இழுத்தால் டயர் குற்றவாளி அல்ல, பிரேக்கையோ அடிப்பாகத்தையோ பார்க்க வேண்டும்.

டயர் வெளியே பார்க்க நன்றாக இருந்தும் இப்படி இழுக்கக் காரணம் என்ன? ரேடியல் டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பிப் பட்டை ஒரு நூல் தள்ளி அமைந்துவிட்டாலும், டயர் நேர் உருளையாக இல்லாமல் கூம்பு போல ஒரு பக்கம் சிறுத்து உருளும். கூம்பை உருட்டினால் எப்படி வளைந்து போகுமோ, அப்படி வண்டியும் போகும். புது டயரிலும் இது வருவதுண்டு. அப்படிப்பட்ட டயரைப் பின்பக்கம் போட்டால் பெரும்பாலும் இழுப்பது தெரியாது. முன், பின் டயர்களின் அளவு ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாற்றிப் போடும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. டயரின் பக்கவாட்டில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்டிருந்தால் அதைப் பக்கம் மாற்றிப் போடக் கூடாது. ஒரே ஆக்ஸிலில் ஒரு பக்கம் ரேடியலும் மறுபக்கம் நைலான் டயரும் இருக்கக் கூடாது. ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் மொட்டை என்றும் இருக்கக் கூடாது. நான்கு சக்கர வண்டிக்குப் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். டயரிலேயே பள்ளத்துக்குள் சிறு மேடு வைத்திருப்பார்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. பக்கவாட்டில் வீக்கம் கண்ட டயரை முன்னும் போடக் கூடாது, பின்னும் போடக் கூடாது, ஸ்டெப்னியாகவும் வைக்கக் கூடாது.

பிரேக்

இந்தப் பகுதியை எல்லோரும் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். மற்றக் காரணங்களால் டயரும் பணமும் போகும். இந்தக் காரணத்தால் ஆளே போகலாம்.

பிரேக் மிதித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே இடது சக்கரத்தைக் கழற்றுவதுதான் பலர் செய்வது. தராசில் ஒரு தட்டு இறங்கினால் அதில் எடை கூடுதல் என்றும் கொள்ளலாம், எதிர்த் தட்டில் எடை குறைவு என்றும் கொள்ளலாம் அல்லவா? பிரேக்கும் அப்படித்தான். இடது சக்கரம் ஒழுங்காகப் பிடித்து, வலது சக்கரம் பிடிக்காமல் விட்டாலும் வண்டி இடது பக்கமே திரும்பும்.

நமக்குத் தெரிந்த ஒரு மளிகை வணிகரின் லோடு வண்டியில் இதுதான் நடந்தது. பிரேக் மிதித்தால் வலது பக்கம் இழுத்தது. இரண்டு முறை வலது சக்கரத்தைப் பிரித்து, ஷூவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தளர்த்திக் கொடுத்தார்கள். இழுப்பது குறைந்தது போல் இருந்தது, ஆனால் வண்டி நிற்கும் தூரம் கூடிவிட்டது. கடைசியில் இன்னொரு மெக்கானிக் இடது டிரம்மைக் கழற்றிப் பார்த்தபோது, வீல் சிலிண்டர் வாஷர் போய், பிரேக் ஆயில் கசிந்து, ஷூ முழுக்க நனைந்திருந்தது. நன்றாக இருந்த ஒரே பக்கத்தையும் தளர்த்திவிட்டு அந்த வண்டி லோடோடு ஓடிக்கொண்டிருந்தது! எனவே பிரேக் வேலை என்றால் இரண்டு பக்கமும் கழற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஷூவோ பேடோ மாற்றினாலும் ஒரு ஆக்ஸிலின் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஆயில் ஊறிய ஷூவைக் கழுவித் திரும்பப் போடக் கூடாது.

பிரேக் மிதிக்காதபோதும் இழுத்தால், ஒரு பக்கம் பிரேக் விடாமல் உரசிக்கொண்டிருக்கலாம். இதற்கும் எளிய சோதனை உண்டு. பத்துக் கிலோமீட்டர் ஓட்டி, கடைசியில் பிரேக்கை அதிகம் உபயோகிக்காமல் வண்டியைத் தானாக நிற்கவிட்டு, இறங்கி முன் சக்கரங்களின் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். தொடக் கூடாது, சுட்டுவிடும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால், அல்லது கருகிய வாடை வந்தால், அந்தப் பக்கம் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, இல்லாவிட்டால் வீல் பேரிங் போயிருக்கிறது. டிஸ்க் பிரேக்கில் காலிபர் பிஸ்டனோ, அதன் பின்னோ துருப்பிடித்து இறுகியிருக்கலாம். பிரேக் ரப்பர் குழாய் உள்ளே ஊதி அடைத்துக்கொண்டு, போன ஆயில் திரும்பி வராமல் இருக்கலாம். குழாய் வெளியே பார்க்கப் புதிது போல் இருக்கும் என்பதால் பலர் அதைக் கவனிப்பதில்லை.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. ஈரம் சேர்ந்தால் சிலிண்டரும் பிஸ்டனும் உள்ளே துருப்பிடிக்கும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழைய ஆயிலை எடுத்துவிட்டுப் புதியது ஊற்றுவது நல்லது.

ஆட்டம், பட்டை, ஆக்ஸில்

காற்று, டயர், பிரேக் மூன்றும் சரியாக இருந்தும் இழுத்தால் வண்டியின் அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும்.

சமதளத்தில், காலி வண்டியில், பின் சக்கரத்துக்குக் கட்டை முட்டுக் கொடுத்து, முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால், ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, மறுபடியும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின் அல்லது பால் ஜாயிண்ட். சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராடு முனைகள் தேய்ந்திருக்கும்.

அடுத்தது பட்டை. காலி வண்டியில் தரையிலிருந்து இரு பக்கச் சக்கர வளைவுக்கும் உள்ள உயரத்தை டேப்பால் அளந்தால், ஒரு பக்கம் இறங்கியிருப்பது தெரிந்துவிடும். ஓவர்லோடு அடித்து ஒரு பட்டை ஒடிந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

பின் ஆக்ஸில் நகர்ந்திருப்பதையும் டேப் வைத்தே கண்டுபிடிக்கலாம். பட்டையின் நடுவிலுள்ள சென்டர் போல்ட் அறுந்தாலோ, யூ போல்ட் தளர்ந்தாலோ ஆக்ஸில் ஒரு பக்கம் முன்னோ பின்னோ போய்விடும். அப்போது வண்டி நண்டு போலச் சற்றுக் கோணலாகவே ஓடும். ஸ்டீயரிங்கை நேராக வைத்துக்கொண்டு, முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை இடது பக்கமும் வலது பக்கமும் அளந்து பார்க்க வேண்டும். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். அரை அங்குலம் வித்தியாசம் வந்தாலும் முதலில் அதைச் சரிசெய்யாமல் அலைன்மெண்டுக்குப் போகக் கூடாது.

அலைன்மெண்ட் எப்போது?

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருக்கும்போதுதான் வீல் அலைன்மெண்டுக்குப் பணம் கொடுக்க வேண்டும். ஆட்டம் கண்ட டை ராடோடு அலைன்மெண்ட் பார்ப்பது, கல் ஒட்டிய தட்டோடு எடை போடுவது மாதிரி. அன்றைக்குக் கணினியில் பச்சைக் கோடு காட்டும். மறுநாள் பள்ளத்தில் விழுந்ததும் மாறிவிடும்.

அலைன்மெண்டில் மூன்று கோணங்கள் உண்டு. டோ என்பது மேலிருந்து பார்த்தால் இரு சக்கரமும் முன்புறம் நெருங்குகின்றனவா விலகுகின்றனவா என்பது. கேம்பர் என்பது முன்னால் நின்று பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது. காஸ்டர் என்பது சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் அளவு. டோ மாறினால் டயர் வேகமாகத் தேயும், ஸ்டீயரிங் கோணலாக நிற்கும், ஆனால் அதனால் மட்டும் வண்டி இழுப்பது குறைவு. கேம்பரோ காஸ்டரோ இரு பக்கமும் வித்தியாசப்பட்டால்தான் வண்டி இழுக்கும். சில இடங்களில் டோவை மட்டும் திருகிவிட்டு "பார்த்தாச்சு" என்று அனுப்பிவிடுவதால்தான், பணம் கொடுத்தும் இழுப்பது நிற்பதில்லை. மூன்று அளவும், வேலைக்கு முன்னும் பின்னும், அச்சிட்ட தாளில் கேட்டு வாங்க வேண்டும். முன்பக்கம் ஒரே இரும்பு ஆக்ஸில் உள்ள லோடு வண்டிகளில் கேம்பரைத் திருகி மாற்ற வழியில்லை. அதில் வித்தியாசம் வந்தால் ஆக்ஸில் வளைந்திருக்கிறதா, கிங் பின் தேய்ந்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

வண்டியை எப்போது நிறுத்திவிட வேண்டும்?

காற்றுக் குறைவால் லேசாக இழுக்கிற வண்டியை, பக்கத்துப் பங்க் வரை மெதுவாக ஓட்டிப் போகலாம். ஆனால் பிரேக் மிதித்தால் இழுக்கிற வண்டி, ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கிற வண்டி, ஸ்டீயரிங்கில் ஆட்டம் உள்ள வண்டி, நேற்று வரை நன்றாக ஓடி இன்று திடீரென்று இழுக்கிற வண்டி ஆகிய நான்கையும் லோடு ஏற்றி அனுப்பக் கூடாது. இடது பக்கம் இழுத்தால் ஓரத்தில் சைக்கிளில் போகிறவர்கள் மேல் ஏறும். வலது பக்கம் இழுத்தால் எதிரே வரும் பஸ்ஸுக்கு நேராகப் போகும். அன்றைக்கு ஒரு நாள் வாடகை வண்டி பிடித்துச் சரக்கை அனுப்பினால் லாபத்தில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். லைன் முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று தம்பியை அனுப்பி ஏதாவது நேர்ந்துவிட்டால், அவர் வீட்டாருக்கு நாம் சொல்லக்கூடிய பதில் எதுவும் இல்லை.

வண்டிக்கென்று ஒரு சிறு நோட்டுப் போட்டு, காற்றுப் பார்த்த தேதி, டயர் மாற்றிய கிலோமீட்டர், பிரேக் வேலை, அலைன்மெண்ட் தாள் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். மெக்கானிக்கிடம் போகும்போது "அலைன்மெண்ட் பார்த்துக் கொடுங்கள்" என்று நாமே முடிவு சொல்லாமல், "காலி வண்டியில் இழுக்கவில்லை, பிரேக் மிதித்தால் இடது பக்கம் போகிறது, டயர் மாற்றிப் போட்டுப் பார்த்தாகிவிட்டது" என்று நடந்ததைச் சொல்ல வேண்டும். நல்ல மெக்கானிக் நேரே கோளாறுள்ள இடத்துக்குப் போவார். மற்றவர்களும் விவரம் தெரிந்தவர் வந்திருக்கிறார் என்று கவனமாகவே வேலை பார்ப்பார்கள்.